சர்க்கரைநீர்க் குடுவையும் அன்னா ஓசனிச்சிட்டின் வடதிசை நகர்வும்

வட அமெரிக்க வீடுகளின் பின்தோட்டங்களில் ஓசனிச்சிட்டுகளுக்கென்று தொங்கவிடப்படும் சர்க்கரைநீர்க் குடுவையைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். முதல் வகை பக்குவம் சொல்வது: சர்க்கரை எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு, குடுவையை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். இரண்டாவது வகை அறம் பேசுவது: காட்டுப் பறவைக்கு மனிதர் ஊட்டலாமா, ஊட்டினால் அது சோம்பிப் போகாதா, வலசை மறந்துவிடாதா. இரண்டுமே ஊட்டலை ஒரு வீட்டுக்காரருக்கும் ஒரு பறவைக்கும் இடையே நடக்கும் தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலாக எடுத்துக்கொள்கின்றன. லட்சக்கணக்கான குடுவைகள் ஒரு கடற்கரை நெடுகிலும் ஆண்டு முழுதும் தொங்கும்போது அது கொடையாக மட்டும் நிற்பதில்லை. நிலத்தையே மாற்றும் செயலாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்று கலிபோர்னியாவின் அன்னா ஓசனிச்சிட்டு.

ஹம்மிங் பறவை என்று பரவலாக அறியப்படும் ஓசனிச்சிட்டுகளில் ஏறத்தாழ 360 இனங்கள் உண்டு. அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. நம் முருங்கைப் பூவிலும் செம்பருத்தியிலும் தேன் உறிஞ்சும் தேன்சிட்டு முற்றிலும் வேறு குடும்பம்; ஒரே தொழில் இருவரையும் ஒன்றுபோலத் தோன்றவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குடுவையின் வரலாறு நினைப்பதைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கரோலின் சோல், செயற்கைப் பூவுக்குள் சிறு குப்பியை மறைத்துவைத்துச் சர்க்கரைநீர் ஊட்டிய அனுபவத்தைப் பறவையியல் இதழொன்றில் எழுதினார். அதைப் பின்பற்றி 1907இல் அயோவா மாநிலத்தின் நேஷனல் என்னும் சிற்றூரில் அல்தியா ஷெர்மன் தொடங்கிய சோதனைதான் உண்மையில் அறிவியல். ஓவியப் பயிற்சி பெற்றவர் அவர். குப்பிக்குத் துணியில் பூ செய்து வண்ணம் தீட்ட அவருக்குக் கை இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: பறவை பூவைத் தேடி வருகிறதா, இனிப்பைத் தேடி வருகிறதா? பூ வேடமிட்ட குப்பிகளுக்குப் பக்கத்தில் வேடமில்லாத வெறுங்குப்பிகளையும் வைத்தார். பறவைகள் வெறுங்குப்பிக்கும் வந்தன. ஏழு கோடைகாலங்களின் முடிவுகள் 1913இல் வில்சன் புல்லட்டின் என்னும் பறவையியல் இதழில் வெளிவந்தன. தொழில்முறை விஞ்ஞானியாக எண்ணப்படாத ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் செய்த அந்த ஆய்வு இன்றைய நடத்தையியல் ஏட்டிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

ஷெர்மன் காட்டியதைச் சந்தை இன்றுவரை கற்கவில்லை. சிவப்புச் சாயம் கலந்த பொட்டலங்கள் இன்னும் விற்பனையில் உள்ளன. ஓசனிச்சிட்டுப் பூக்களில் சிவப்பு மிகுந்திருப்பதற்கு, தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு எளிதில் புலப்படாததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தேன் தேனீக்களிடம் பறிபோகாமல் பறவைக்கு மிஞ்சுகிறது. பறவையோ எந்த நிறத்தில் இனிப்பு கிடைக்கிறதோ அந்த நிறத்தை விரைவில் கற்றுக்கொள்கிறது. குடுவையின் அடித்தட்டு சிவப்பாக இருந்தால் தொலைவிலிருந்து கண்ணில் படும். நீரும் சிவக்க வேண்டிய தேவை இல்லை. சாயத்தால் தீங்கு என்று யாரும் நிறுவவில்லையே என்று விற்போர் சொல்வதுண்டு. பயனே இல்லாத ஒரு பொருளைத் தன் எடைக்கு மேல் நீர்மம் குடிக்கும் ஓர் உயிருக்குத் தருகிறவர்தான் அதன் தீங்கின்மையை நிறுவ வேண்டும். நிறுவும் சுமையைப் பறவையின் பக்கம் தள்ளுவது முறையன்று.

கலவையைப் பற்றிய அறிவுரை மட்டும் உறுதியான அடிப்படை கொண்டது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்று கொள்ளளவில் கலந்தால், எடைக் கணக்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு இனிப்பு வரும். ஓசனிச்சிட்டுகள் நாடும் பூக்களின் தேனுக்கு அது நெருக்கம். அப்பூக்களின் தேனில் மேலோங்கியிருப்பதும் கரும்புச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்த நமக்கு இங்கே ஒரு தலைகீழ்ப் பாடம் உண்டு: சுத்திகரிக்கப்படாத சர்க்கரையில் உள்ள இரும்பு இப்பறவைகளின் ஈரலில் தங்கிக் கேடு செய்யக்கூடும். தேனைக் கரைத்துவைத்தால் விரைவில் நொதித்துப் பூஞ்சை பிடிக்கிறது. வெயில் காலத்தில் சர்க்கரைநீரும் நொதிக்கும் என்பதால்தான் அதை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கொட்டிக் குடுவையைக் கழுவ வேண்டும். இவ்வளவும் சரி. ஆனால் இந்தப் பக்குவங்களில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பெரிய கேள்வி பார்வைக்கு வெளியேதான் நிற்கும்.

அந்தக் கேள்விக்கு அன்னா ஓசனிச்சிட்டு வழியாகத்தான் போக வேண்டும். பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெசோன் 1829இல் ரிவோலிச் சீமாட்டி அன்னா மசேனாவின் பெயரால் இதற்குப் பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது மெக்சிகோவின் வட பாஹா கலிபோர்னியாவிலும் தென் கலிபோர்னியாவிலும் மட்டுமே இனப்பெருக்கம் செய்த பறவை. இன்று ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களைக் கடந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை, கிழக்கே அரிசோனா வரை வாழ்கிறது. கோடையில் மட்டும் வந்து போகவில்லை. குளிர்காலத்திலும் அங்கேயே தங்குகிறது. நான்கைந்து கிராம் எடையுள்ள ஓர் உயிர், பறக்கையில் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் துடிக்கும் இதயத்தோடு, உறைபனி இரவுகளைத் தாண்டுகிறது.

இதற்கு மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது தட்பவெப்ப மாற்றம். இரண்டாவது அயல்நாட்டுத் தாவரங்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த யூகலிப்டஸ், தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரப்புகையிலை. வறண்ட புதர்க்காட்டில் பூ அருகிய மாதங்களிலும் இவை பூத்தன. பாசனம் பெற்ற புறநகர்த் தோட்டங்கள் அதோடு சேர்ந்துகொண்டன. மூன்றாவது குடுவை.

எம்மா கிரெய்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, 1997 முதல் 2013 வரை பொதுமக்கள் தங்கள் வீட்டு ஊட்டிடங்களில் எடுத்த கணக்கைப் பயன்படுத்தியது. காலம் செல்லச்செல்ல அன்னா ஓசனிச்சிட்டு மேலும் குளிரான இடங்களில் குடியேறியது. வீடுகள் நெருக்கமான இடங்களை விரும்பியது. பழைய எல்லையைவிடப் புதிய எல்லையில் குடுவைகளுக்கு அதிகம் வந்தது. இவற்றில் முதல் முடிவு தட்பவெப்ப விளக்கத்தை வலுவிழக்கச் செய்கிறது. வெப்பம் மட்டுமே தள்ளியிருந்தால், பறவை தனக்குப் பழகிய வெப்பநிலையைத் துரத்திக்கொண்டு வடக்கே போயிருக்க வேண்டும். இதுவோ பழகிய வெப்பநிலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இந்த ஆய்வின் தரவில் ஒரு சாய்வு இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கணக்கெடுத்தவர்கள் ஊட்டுபவர்கள். ஊட்டாத தோட்டத்திலும் மனிதரில்லாத பள்ளத்தாக்கிலும் இருந்த பறவை அந்த ஏட்டில் ஏறுவதற்கு வழியில்லை. ஊட்டிடங்களில் எண்ணிவிட்டு, ஊட்டிடங்களில்தான் பறவை இருக்கிறது என்றால் வட்டவாதம் ஆகிவிடும். எனினும் ஒப்பீடுகள் ஊட்டுவோருக்குள்ளேயே நடந்தவை. குளிரான இடத்துக் குடுவைக்கும் வெப்பமான இடத்துக் குடுவைக்கும் இடையிலான வேறுபாட்டை அந்தச் சாய்வு மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

2025இல் நிக்கோலஸ் அலெக்சாந்தரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு வேறு திசையிலிருந்து வந்து இதே இடத்தில் நிற்கிறது. அவர்கள் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட பழைய உடல்களை அளந்தார்கள். பழைய செய்தித்தாள்களில் குடுவைகளைப் பற்றிய குறிப்புகளைத் தேடினார்கள். விரிவுக்கு யூகலிப்டஸும் துணைநின்றது, ஆனால் முதன்மைக் காரணம் குடுவையே என்றது அவர்கள் முடிவு. அதைவிட வியப்பானது அலகு. குடுவைகள் மிகுந்த பகுதிகளில் சில தலைமுறைகளுக்குள் அலகு நீண்டு ஒல்லியாகியிருக்கிறது. ஆண்களிடம் நுனி கூர்மையாகியிருக்கிறது. பூவில் துளித் தேன். குடுவையில் வற்றாத குளம். நீண்ட அலகால் ஒரே மூச்சில் நிறைய உறிஞ்சலாம். ஒரே இடத்தில் குவிந்த உணவைக் காப்பதற்கு ஆண்கள் சண்டையிடுகின்றன. கூர்நுனி அங்கே ஆயுதம். மறுபுறம், குளிரான வடக்கில் அலகு குட்டையாகும் போக்கும் தெரிகிறது, அலகு வழியே வெப்பம் வெளியேறுவதால். ஒரே குடுவை பறவையை வடக்கே கொண்டுபோய், அங்கே எதிரெதிர்த் தேர்வு விசைகளுக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறது.

இங்கிருந்து பார்த்தால் சார்பு பற்றிய பழைய அறவிவாதம் வேறு உருவம் எடுக்கிறது. இலையுதிர் காலத்தில் குடுவையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பறவை தெற்கே போகாது என்ற நம்பிக்கை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இன்றும் வலுவாக உண்டு. அங்கே வாழும் செங்கழுத்து ஓசனிச்சிட்டுக்கு இது பொருந்தாது. பகல் குறுகும்போது அதன் உடல் தானே வலசைக்குத் தயாராகிறது; மூன்று கிராம் பறவை கொழுப்பேற்றிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவை நிற்காமல் கடக்கிறது. முற்றத்துச் சர்க்கரைநீர் அதன் பயணத்துக்குக் கட்டுச்சோறு, கால்கட்டு அன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வான்கூவர் நகரில் நிலைமை வேறு. அங்கே அன்னா ஓசனிச்சிட்டு இரவில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி மயக்கத்தில் கிடந்து, விடியலில் உடனே எரிபொருள் தேடி வருகிறது. கடுங்குளிரில் குடுவை உறைந்துகிடந்தால் அது அந்தப் பறவைக்கு உண்மையான இழப்பு. அதனால்தான் மக்கள் குடுவையைச் சுற்றி விளக்குச் சரம் கட்டுகிறார்கள், இரவில் உள்ளே எடுத்துவைத்து இருள் விலகும் முன் மாட்டுகிறார்கள். ஆகவே ‘பறவை சார்ந்துவிடுமா’ என்ற பொதுக்கேள்விக்குப் பொதுவிடை கிடையாது. எந்த இனம், எந்த அட்சரேகை, எந்த மாதம் என்று கேட்ட பிறகே கடமை தோன்றுகிறது. கிழக்கே கோடையில் ஊருக்குப் போகிறவர் குடுவையைக் காயவிட்டுப் போகலாம். வடமேற்கே ஜனவரியில் ஊட்டத் தொடங்கியவர் அப்படிப் போவது சரியில்லை.

ஊட்டலைப் பறவைப் பாதுகாப்பு என்று சொல்வோருக்கு என் மறுப்பு இதுதான். ருஃபஸ் ஓசனிச்சிட்டு தெற்கு அலாஸ்கா வரை போய்க் கூடுகட்டி, மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வழியில் அதே தோட்டங்களில் அதே குடுவைகளில் குடிக்கிறது. அன்னாவை விரட்டியடிக்கும் அளவுக்குச் சண்டைக்காரப் பறவையும்கூட. ஆனால் அதன் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகச் சரிந்து, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை 2018இல் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிட்டது. ஒரே சர்க்கரைநீர் ஓர் இனத்தை வளர்த்தது, மற்றதன் சரிவை நிறுத்தவில்லை. நகர்ப்புறத்தோடு ஒத்துப்போகும், ஓரிடத்தில் தங்கும் பறவைக்குக் குடுவை வாழிடமாகிறது. காட்டையும் நெடும்பாதையையும் நம்பிய பறவைக்கு அது வழியில் ஒரு வேளைச் சாப்பாடு. 2017இல் வான்கூவர் மக்கள் வாக்களித்து அன்னா ஓசனிச்சிட்டைத் தங்கள் நகரப் பறவையாகத் தேர்ந்ததில் எனக்குக் குறையில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்நகரில் இல்லாத பறவையை அவர்களே வரவழைத்து, அவர்களே குடியுரிமையும் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்து செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

குடுவை தரமுடியாதவற்றின் பட்டியலும் நீளமானது. சர்க்கரையில் புரதம் இல்லை. ஓசனிச்சிட்டு குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டுகிறது; சிலந்தி நூலால்தான் கூட்டைப் பிணைக்கிறது. பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்தில் நிரம்பிய குடுவை பாதி உணவகமே. பசிபிக் கரையோரத்துக்கே உரிய செம்பூ ரைபீஸ் புதர், ருஃபஸ் வடக்கே திரும்பும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூக்கிறது. அதே புதரில் பூச்சிகளும் குடியிருக்கின்றன. தோட்டத்தில் இடமிருக்கும் ஒருவரிடம் குடுவைக்கும் அந்தப் புதருக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், வலசைப் பறவையின் பொருட்டு நான் புதரையே பரிந்துரைப்பேன். அன்னாவுக்கு அது தேவைப்படாமல் போகலாம். அதற்குத்தான் பக்கத்து வீட்டுக் குடுவை இருக்கிறதே.