கண்ணாடிக்குள் ஒரு கோடை

அன்னாசிப் பழத்தை நாம் பெரிதாக மதிப்பதில்லை. பேருந்து நிலையத்தில் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவார்கள். தின்றுகொண்டே பஸ் ஏறிவிடுவோம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே பழத்தை விருந்து மேசையின் நடுவே வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். மறுநாள் அந்தப் பழம் அடுத்த வீட்டு விருந்துக்குப் போகும். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதைப்போலத்தான்.

வெப்பநாட்டுச் செடி ஒன்றைக் குளிர்நாட்டில் உயிரோடு வைத்திருக்க எவ்வளவு செலவாகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த மரியாதை. அந்தச் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்கப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் நான் நுழைந்தேன். கணக்கு கடைசியில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் வந்து நிற்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

1493-ல் கொலம்பஸ் கரீபியத் தீவான குவாடலூப்பில் அன்னாசியைப் பார்த்தார். செடியைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால், முதல் பனி விழுந்ததும் செத்துவிடும். கண்ணாடி அறைக்குள் அடுப்பு மூட்டிப் பார்த்தார்கள். மேலே காற்று சுட்டது, கீழே வேர் விறைத்தது. புகை மண்டி இலை கருகியது. வழியைக் கண்டுபிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். 1687 வாக்கில் ஆக்னஸ் பிளாக் என்ற பெண்மணி நெதர்லாந்தில் தன் தோட்டத்தில் அன்னாசியைப் பழுக்க வைத்தார். ஐரோப்பாவில் பழுத்த முதல் அன்னாசிகளில் ஒன்று அது.

பிறகு வேருக்குச் சூடு கொடுக்கும் ரகசியம் தோல் தொட்டிகளிலிருந்து வந்தது. தோல் பதனிட நம்மூரில் ஆவாரம்பட்டை மாதிரி, அங்கே ஓக் மரப்பட்டை. பதனிட்டு முடிந்த பட்டைச் சக்கையைக் குழியில் கொட்டி ஈரமாக்கினால் புளித்துச் சூடாகும். ஈர வைக்கோல்போருக்குள் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். சாணக் குப்பையின் சூடு சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். பட்டைச் சக்கையோ இரண்டு மூன்று மாதம் நிதானமாகக் கனன்றுகொண்டிருக்கும். அன்னாசித் தொட்டிகளை அதற்குள் புதைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ரிச்மண்டில் மாத்யூ டெக்கர் என்ற வணிகரின் தோட்டத்தில் ஹென்றி டெலண்டே என்ற தோட்டக்காரர் இந்த முறையில் வெற்றி கண்டார். அங்கே விளைந்த ஒரு அன்னாசியை 1720-ல் ஓவியர் நெட்ஷர் வரைந்திருக்கிறார். ராஜாவுக்கும் ராணிக்கும் வரைவதைப்போல, ஒரு பழத்துக்கு உருவப்படம்!

பழம் கைக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அத்தனை குளிர்கால இரவுகளிலும் யாராவது விழித்திருந்து தீயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு இரவு கண்ணயர்ந்தால் மூன்று வருஷ உழைப்பு விடிவதற்குள் கருகிவிடும். பெரிய வீடுகளின் தோட்டத்துப் பையன்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் டன்மோரில் அன்னாசி வடிவில் ஏறத்தாழ 14 மீட்டர் உயரக் கல் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. பழத்துக்குக் கோபுரம் கட்டியாகிவிட்டது. தீ மூட்டிய பையன்கள் பெயர் எங்கே இருக்கிறது?

கண்ணாடியும் அப்போது லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. 1746 முதல் இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். 1845-ல் அந்த வரி நீங்கியது. லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தில் பனை வீட்டின் வேலை அதற்கு முந்தைய வருஷமே தொடங்கியிருந்தது. 1848-ல் முடிந்தது. வடிவமைத்தவர்கள் டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும். இரும்பும் கண்ணாடியுமாக, சுமார் 110 மீட்டர் நீளத்தில், கவிழ்த்துப்போட்ட கப்பலைப்போல இருக்கும்.

ஒரு ஜனவரி மாதம் நான் அதற்குள் போயிருக்கிறேன். வெளியே விரல் மரத்துப்போகும் குளிர். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி மொத்தமாக ஆவி படிந்து ஒன்றுமே தெரியவில்லை. முதலில் வந்தது வாசனைதான். மழை விட்ட பிறகு வாழைத்தோப்பில் அடிக்குமே, அந்த ஈரமண் வாசனை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் எதிரே நிஜமாகவே வாழை! ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சட்டென்று கோட்டைக் கழற்றினேன், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு சைகஸ் வகை மரம் சாய்ந்து நிற்கிறது. 1775-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிகப் பழைய தொட்டிச்செடி என்பார்கள். இத்தனை காலத்தில் ஒரே ஒரு முறை, 1819-ல், கூம்பு விட்டிருக்கிறது. இருநூற்றைம்பது வருஷமாக அதற்கு யாரோ சூடு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பனை வீட்டின் கொதிகலன்கள் தரைக்கடியில் இருந்தன. புகை, நிலத்தடிச் சுரங்கம் வழியாக, தள்ளி நின்ற ஒரு அலங்காரக் கோபுரத்துக்குப் போய் வெளியேறும் ஏற்பாடு. அதே சுரங்கத்தில்தான் நிலக்கரியும் வந்தது. பார்வையாளர் கண்ணுக்குப் பச்சை மட்டும் தெரிய வேண்டும். கரியும் கரி அள்ளுகிறவனும் தெரியக் கூடாது. இந்த மறைப்புதான் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரி என்று எனக்குப் படுகிறது.

இதற்கிடையில் இன்னொரு கண்ணாடி வீடும் பிறந்திருந்தது, கையில் தூக்கிப் போகிற அளவில். 1829-ல் நத்தானியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய போத்தலில் வைத்திருந்தார். அதற்குள் தானாக ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணுக்கே இறங்குவதைக் கவனித்தார். தண்ணீர் ஊற்றாமலே செடி பிழைக்கிறது! 1833-ல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்தையும் உப்புக்காற்றையும் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. வார்டு பெட்டி என்று அதற்குப் பெயர் வந்தது.

பனை வீட்டையும் வார்டு பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள், குளிர்நாட்டுத் தோட்டம் ஒரு ரயில்வே ஜங்ஷன் ஆகிவிட்டது புரியும். ஒரு வெப்பநாட்டிலிருந்து செடி வரும், கண்ணாடிக்குள் தேறும், பெட்டி மாறி இன்னொரு வெப்பநாட்டுக்குப் போகும். 1860 வாக்கில் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவை எடுத்து ஊட்டி மலையில் நட்டபோதும் கியூதான் பின்னால் இருந்தது. அடுத்து வந்தது ரப்பர்.

1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் ரப்பர் விதைகளைச் சேகரித்தார். சுமார் 70,000 விதைகள். ரப்பர் விதை நெல் மாதிரி காத்திருக்காது. சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். ஜூன் மாதம் விதைகள் கியூ வந்து சேர்ந்ததும் உடனே கண்ணாடி வீடுகளில் விதைத்தார்கள். முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. ஹெனரத்கொடையில் நட்டார்கள். மறு ஆண்டு சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் போயின. அமேசானில் ரப்பரை வாட்டும் இலைக்கருகல் பூஞ்சை இந்தப் பயணத்தில் கூட வரவில்லை. பின்னாளில் ஹென்றி ஃபோர்டு பிரேசிலிலேயே ரப்பர் தோட்டம் போட்டுத் தோற்றதற்கு அந்த நோய் ஒரு முக்கியக் காரணம்.

1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடச்சொல்லி அவர் தோட்டத்துரைமார்களை நச்சரித்ததில் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வாங்கினார். மோட்டார் காரும் டயரும் வந்ததும் பைத்தியம் தீர்க்கதரிசியாகிவிட்டது. மலேயாவில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின.

மரம் இருக்கிறது, சீவ ஆள் வேண்டாமா? கங்காணிகள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு கிராமங்களுக்கு வந்தார்கள். முன்பணம், கடன், பஞ்சம், சாதிக் கொடுமை எல்லாம் சேர்ந்து ஜனங்களை நாகப்பட்டினத்துக்குத் தள்ளின. அங்கிருந்து பினாங்குக்கு மேல்தளப் பயணம். எங்க ஊர்ல ஒரு வீட்டுக்கு இன்னமும் 'மலேயாக்காரர் வீடு'ன்னுதான் பேர். போனவர் திரும்பி வந்தாரா என்று கேட்டால், யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

வார்டு பெட்டிகளையும் மேல்தளத்தில்தான் வைப்பார்கள், செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. பெட்டியின் கண்ணாடி உடைந்தால் உடனே அடைக்க வேண்டும், உப்புநீர் படக் கூடாது, அதிக வெயில் ஆகாது என்றெல்லாம் கவனிப்பு. அதே மாதிரியான தளத்தில் வெயிலிலும் மழையிலும் சுருண்டு கிடந்த மனிதர்களுக்குக் கண்ணாடி ஏது? இறங்கிய இடத்திலோ காடு வெட்டிய ஈரமண், கொசு, மலேரியா. புதுத் தோட்டங்களில் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். அதற்கு மருந்தான கொயினா நீலகிரியிலேயே விளைந்துகொண்டிருந்தது. 1938-ல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடைசெய்யும்வரை கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

குளிர்நாட்டில் வெப்பத்தை உண்டாக்குகிற வித்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பட்டைச் சக்கையின் சூட்டைக் கண்டுபிடித்ததும், ஒரு போத்தலுக்குள் மழை பெய்வதைக் கவனித்ததும் அபாரமான மூளைகள். இன்றும் ஐரோப்பாவில் பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வைத்து, குளிர் வந்ததும் வீட்டுக்குள் தூக்கி வைக்கிற நம்மவர்கள் எல்லோரும் ஒரு வகையில் ஆக்னஸ் பிளாக்கின் வாரிசுகள்தான். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால், ஒரு சாம்ராஜ்யம் அதே வித்தையைக் கையில் எடுத்தபோது, தீயைக் காக்கும் வேலை தோட்டத்துப் பையனிடமிருந்து கடல் தாண்டி நம் ஜனங்கள் தலையில் வந்து விழுந்தது.

கியூவில் விதைகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது, கன்றுகளுக்கும் பெட்டிகளுக்கும் எண்ணிக்கை இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக வரிசை வரிசையாக மரம் சீவப் போனவர்கள் அந்த மரத்தின் லத்தீன் பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். 'பால் மரம்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அமேசான் காட்டிலிருந்து லண்டன் கண்ணாடி வழியாக வந்த ஒரு மரத்துக்குத் தமிழில் கிடைத்த பெயர் அது. மலேசியத் தமிழர் வாயில் இன்றும் இருக்கிறது.