வரி கொடுத்தோரும் வாய்க்கால் வாரினோரும்

சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் கவர்னர்களையும், யுத்தங்களையும், உடன்படிக்கைகளையும் பற்றி எழுதி ஓய்ந்துவிடுகின்றனர். தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை ஆகியவற்றைப் பற்றி எழுதுவது சரித்திராசிரியரின் கௌரவத்துக்குக் குறைவென்று எண்ணுகின்றனர் போலும். ஒரு மனிதன் கவர்னரின் முகத்தைக் காணாமலே ஆயுள் முழுவதும் வாழ்ந்து முடித்துவிடலாம். அவன் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையைக் காணாமல் ஒரு நாளும் வாழ இயலாது. ஆகவே, அச்சாக்கடையை யார் வெட்டினார்கள், யார் வாரினார்கள், அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், அப்பணத்தை எப்படிச் செலவிடுவதென்று யார் தீர்மானித்தார்கள் என்னும் கேள்விகளைச் சிங்கப்பூரையும் பினாங்கையும் வைத்து இங்கே ஆராயப் புகுகின்றோம்.

இந்நாடுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்த காலத்தில் சட்டங்கள் கல்கத்தாவிலிருந்தே வந்தன. அங்ஙனம் 1856ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டங்களினால், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்று பட்டணங்களிலும் முனிசிபல் கமிஷனர்களில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. ஜனநாயகம் இம்மண்ணில் முதன்முதல் கால் வைத்தது சட்டசபையின் வாயிலாக அன்று. முனிசிபாலிட்டியின் வாயிலாகத்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த வோட்டுரிமை சொத்துடையவனுக்கு மட்டுமே உரியது. வீட்டு வரி கட்டுபவன் மனிதன். கட்டாதவன் கணக்கில் இல்லை. அக்காலத்து ஐரோப்பிய வர்த்தகரும், செல்வாக்குள்ள சீன வர்த்தகர் சிலரும் கூடித் தமக்குள்ளே ஒருவரை அனுப்பினர் என்று கூறினால் அது மிகையாகாது.

கணக்கில் இல்லாதவர்கள் யாவர்? அதைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ஆதிச் சாலைகளையும் பாலங்களையும் அமைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரையில் அவர்களது உழைப்பு இங்கே இலவசமாகக் கிடைத்தது. கதீட்ரல் என்று போற்றப்படும் தேவாலயத்தைக் கட்டிய கைகளும் அவர்களுடையவையே. அவர்கள் போனபின், கல் பரப்புவதற்கும், தெருக் கூட்டுவதற்கும், வாய்க்கால் வாருவதற்கும் முனிசிபாலிட்டி தேடிப் பிடித்தது பெரும்பாலும் தமிழ்க் கூலிகளையும் தெலுங்குக் கூலிகளையும். மலக்கூடை சுமக்கும் வேலை மட்டும் சிங்கப்பூரில் பெரும்பாலும் சீனத் தொழிலாளர் தோளில் விழுந்தது. அந்தக் கூடை முறை சிங்கப்பூரில் முற்றிலும் ஒழிந்தது 1987ஆம் ஆண்டில்தான் என்றால், நாகரிகம் எவ்வளவு மெதுவாக நடக்கிறதென்பது விளங்கும்.

தாய்நாட்டில் பிறப்பின் பெயரால் எந்த வேலையை ஒரு வகுப்பாரின் தலையிலே கட்டினார்களோ, கடல் கடந்து வந்த பின்பும் அவ்வகுப்பாரில் அநேகருக்கு அதே துடைப்பமும் அதே மண்வெட்டியுமே காத்திருந்தன. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் சொல்லிற்று. சாதி போகவில்லை; அதுவும் டிக்கட்டு வாங்கிக்கொண்டு அதே கப்பலில் வந்தது. கூலி லயத்திலே தனித்தனி வரிசையாகக் குடியேறவும் செய்தது. வெள்ளைக்கார அதிகாரி இதைத் தடுக்கவில்லை. எந்த வேலைக்கு எந்த ஆள் மலிவாய்க் கிடைப்பான் என்பதே அவர் கவலை. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. லயத்துக்கு வெளியே இருந்த நம்மவர்களில் எத்தனை பேர் அந்த லயத்துக்குள் சென்று ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தனர்?

தண்ணீர் என்றதும் சிங்கப்பூரின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. அந்நாளில் பட்டணத்துக் குடிதண்ணீர் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. கிரேத்தா ஆயர் என்னும் வட்டாரத்தின் பெயரே அதற்குச் சாட்சி. மலாய் மொழியில் அதன் பொருள் தண்ணீர் வண்டி என்பதாகும். தான் கிம் செங் என்னும் சீன வர்த்தகர் இந்தக் கஷ்டத்தைக் கண்டு, நகருக்கு நல்ல தண்ணீர் கொணரும் பொருட்டு 1857ல் 13,000 வெள்ளி நன்கொடையாக அளித்தார். அக்காலத்தில் அது பெரும் பணம். பணம் கொடுத்தவர் சீக்கிரம் கொடுத்தார். வேலை செய்ய வேண்டியவர்களோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். திட்டம் போட்டார்கள், திருத்தினார்கள், செலவை ஏற்பது யாரென்று வாதாடினார்கள். தாம்சன் ரோட்டு நீர்த்தேக்கம் முடிந்தும் குழாய்களும் யந்திரங்களும் வந்து சேரவில்லை. இறுதியில் தண்ணீர் ஓடியபோது கொடையாளர் உயிரோடு இல்லை. 1882ல் அவர் பெயரால் ஓர் அலங்கார நீரூற்று கட்டி வைத்தனர். உயிரோடிருந்த போது தண்ணீரைக் காட்டாதவர்கள், இறந்த பின்பு நீரூற்றைக் காட்டினார்கள்.

1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த கலவரம் வேறு வகையானது. ஐந்தடி நடைபாதைகளில் கடைக்காரர்கள் சரக்கு பரப்பி வழியடைக்கிறார்களென்று முனிசிபாலிட்டி அவற்றை அப்புறப்படுத்த முற்பட, கடைகள் மூடப்பட்டு, தெருவிலே கல்வீச்சு நிகழ்ந்தது. அந்நடைபாதை பொதுஜனங்களுக்குரியது என்பது முனிசிபாலிட்டியின் வாதம். அதிலே பிழைத்தால்தான் வாடகை கொடுக்க முடியும் என்பது கடைக்காரரின் வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தது. எனினும், அந்தச் சிறு கடைக்காரனைக் கேட்டுத் தீர்மானம் செய்யும் மன்றம் ஒன்றும் அந்நாளில் இல்லை.

1913ஆம் ஆண்டிற்கு வருவோம். இருந்த அரைகுறைத் தேர்தலையும் அவ்வாண்டின் முனிசிபல் சட்டம் ஒழித்தது. இனி எல்லாக் கமிஷனர்களையும் கவர்னரே நியமிப்பார் என்றாயிற்று. ஜனங்களுக்குத் தேர்தலில் அக்கறை இல்லை, வோட்டுப் போட வருவோர் மிகச் சிலர் என்று காரணம் கூறப்பட்டது. அது பொய்யன்று, வந்தவர்கள் சிலரே. ஆனால் பத்தில் ஒன்பது பேரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே கூட்டமில்லை என்று கதவைச் சாத்துவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? சோறு உண்ண ஆள் குறைவு என்றால் பந்தியைப் பெரிதாக்கி இன்னும் பலரை அழைப்பார்களே தவிர, அடுப்பை இடித்துவிடுவார் எவருமில்லை. கோலாலம்பூரிலோ, 1890ல் ஏற்பட்ட சானிட்டரி போர்டு ஆதி முதலே நியமன உறுப்பினர்களைக் கொண்டதாகவே இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் தொழிலாளரிடையே வேறொரு விழிப்பு உண்டாயிற்று. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்தார். 1932ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935ல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார். கள்ளுக்கடையையும், சாதி வேற்றுமையையும், வீண் சடங்குகளையும் பற்றி லயங்களிலே பேச்சு எழுந்தது. இவ்வியக்கம் முனிசிபல் வோட்டைக் கேட்டுப் பிறந்ததன்று. ஆயினும் தன்னை மனிதன் என்று மதிக்கக் கற்றவன், தன் தெருவைப் பற்றிக் கேட்கவும் நாளடைவில் கற்றுக்கொள்வான் அல்லவா?

யுத்தம் முடிந்தது, மீண்டும் தேர்தல் வந்தது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிங்கப்பூர் சட்டசபையின் ஆறு ஸ்தானங்களுக்கு வோட்டெடுப்பு நடந்தபோது, பதிவு செய்துகொண்டவர்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தியர். மொத்த ஜனத்தொகையில் இந்தியரோ பத்தில் ஒரு பங்கும் இல்லை. தமிழனுக்கு அரசியலில் அக்கறையில்லை என்று பேசும் நண்பர்கள் இக்கணக்கை ஒரு முறை படித்துப் பார்ப்பார்களாக. அடுத்த ஆண்டு, 1949 ஏப்ரலில், முனிசிபல் கமிஷனர்கள் 27 பேரில் 18 பேர் தேர்தலின் மூலம் வந்தனர். 1951ல் சிங்கப்பூர் மாநகரமாயிற்று. 1957 டிசம்பரில் 32 ஸ்தானங்களுக்கும் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயரானார். ஆங்கிலம் ஒன்றே ஒலித்த அம்மன்றத்தில் மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் பேசலாம் என்று அவ்வாண்டுச் சட்டம் இடமளித்தது. மேயர் செங்கோலைத் தூக்கி அப்பால் வைத்தார்; பொதுஜனங்களின் குறை கேட்க ஓர் அலுவலகம் திறந்தார். அவரது ஆர்ப்பாட்டங்களில் நமக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. குறை சொல்ல ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் மட்டும் உடன்பாடே. ஆனால் 1959ல் சுயாட்சி வந்ததும் மாநகர சபையின் அதிகாரங்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய நகர மன்றங்களைப் பாராளுமன்ற உறுப்பினர்களே நடத்துகின்றனர்; அவற்றுக்கெனத் தனித்தேர்தல் கிடையாது.

மலாயாவின் கதை இதனினும் உருக்கமானது. யுத்தத்திற்குப் பிந்திய முதல் முனிசிபல் தேர்தல் 1951 டிசம்பர் முதல் தேதியன்று பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். அங்கே பன்னிரண்டு ஸ்தானங்களுக்கு நடந்த போட்டியில்தான் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் முதன்முதல் கைகோத்து, ஒன்பது ஸ்தானங்களைப் பிடித்தன. பின்னர் இந்நாட்டை நெடுங்காலம் ஆண்ட கூட்டணிக்குக் கால்கோள் நடந்தது ஒரு முனிசிபல் தேர்தலிலேதான். முனிசிபல் தேர்தல் வைத்தால் இனங்கள் ஒன்றோடொன்று மோதும், நகரங்களில் ஓரினமே ஓங்கிவிடும் என்று இன்றும் அச்சமூட்டுவோர், 1952ஐ ஏனோ மறந்துவிடுகின்றனர்.

அவர்கள் மறந்த வேறு இரண்டு ஊர்களும் உண்டு. ஜார்ஜ் டவுன் 1957 ஜனவரி முதல் தேதியன்று மலாயாவின் முதல் மாநகரமாயிற்று. அங்கே பெரும்பான்மையோர் சீனர். 1958ல் அம்மாநகரத்தின் மேயராக அமர்ந்தவரோ தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் என்னும் தமிழர். ஈப்போவிலும் சீனரே மிகுதி. அங்கே நகர சபையைக் கைப்பற்றி நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர்கள் சீனிவாசகம் சகோதரர்கள் என்னும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தினர். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வோட்டுப் போடுபவன், குழாயைத் திறந்துவிடுபவனின் சாதியையும் இனத்தையும் அவ்வளவாக விசாரிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ? ஜார்ஜ் டவுன் சபை தன் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்தது, பஸ் ஓட்டியது, 1962ல் ஆயர் ஈத்தாம் அணையைக் கட்டி முடித்தது.

1965 மார்ச்சு மாதத்தில், இந்தோனேசியாவுடன் நேர்ந்த பகைமையைக் காரணம் காட்டி, ஸ்தல தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்றார் பிரதமர். சில நகர சபைகளின் மீது ஊழல் புகார்களும் எழுந்தன. ஜார்ஜ் டவுன் சபையின் நிர்வாகத்தை 1966ல் மாநில அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. புகார்கள் அனைத்தும் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்தல ஆட்சியை ஆராய, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ராயல் கமிஷன் ஒன்றை அரசாங்கம் அமைத்தது. அவர் அரசாங்கத் தரப்பைச் சேர்ந்தவர். கூட்டணியிலிருந்த மலாயா இந்தியர் காங்கிரஸின் பிரமுகர். அவருடைய கமிஷன் 1968ல் அளித்த அறிக்கை, தேர்தல் மூலம் அமையும் சபைகளே தேவை என்று கூறிற்று. அரசாங்கம் நியமித்த கமிஷன் அரசாங்கத்துக்கு இனிக்காததைச் சொன்னது என்பது ஆதி நாகப்பனுக்குப் பெருமை. அரசாங்கம் அறிக்கையை வாங்கிக்கொண்டது; யோசனையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஸ்தல ஆட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தற்காலிகம் என்று தொடங்கியது பதினோராண்டில் நிரந்தரமாயிற்று. ஊழல் செய்தவனை வோட்டால் நீக்கும் உரிமையைப் பறித்துவிட்டு ஊழலை ஒழிக்கப் போவதாகச் சொல்லும் சாமர்த்தியம் 1913ஆம் ஆண்டு கவர்னருக்குக்கூட இருந்ததில்லை.

பினாங்கு மாநில அரசாங்கம் 2012ல் தன் எல்லைக்குள் ஸ்தல தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றிற்று. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 2014ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. அதன் பின்னும் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் முன்போலவே நியமனத்தால்தான் வருகின்றனர். கட்சிகளுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும் அந்நியமனத்திலே தமிழருக்கும் சில ஸ்தானங்கள் கிடைக்கின்றன. அவற்றுக்காக நம்மவர்கள் தலைவர்களின் வாசலில் காத்து நிற்பதையும் நாம் காண்கின்றோம். வாய்க்கால் வாரும் வேலை இப்பொழுது பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பெனிகளுடையது. துடைப்பம் பிடிக்கும் கைகளில் பல வங்காள தேசத்திலிருந்தும், சிங்கப்பூரில் மீண்டும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவை. அவர்களுக்கும் வோட்டு இல்லை.

ஜார்ஜ் டவுனில் ஸ்காட் ரோடு என்றிருந்த சாலைக்கு ஜாலான் டி. எஸ். ராமநாதன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மரங்கள் நிழல் செய்யும் நல்ல சாலை அது. அங்கே ஒரு விளக்கு அணைந்துவிட்டால், குடியிருப்போர் மாநகர் மன்றத்துக்கு மனு எழுதலாம். அம்மனுவைப் படிக்கும் உறுப்பினர் எவரையும் அவர்கள் தேர்ந்தெடுத்ததில்லை.