உண்மைக்கு யார் செலவு செய்வது?



டி.என்.ஏ. எனப்படும் மரபணுச் சோதனை என்றதும் குற்றவாளியைப் பிடிக்கும் கருவி என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஒரு கொலை விசாரணையில் அது முதன்முதலில் செய்த வேலை, குற்றமற்ற ஒரு பையனை விடுவித்ததுதான்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நார்பரோ, என்டர்பி என்ற அயற்கிராமங்களில் 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். 17 வயது இளைஞன் ஒருவன் பொலிஸ் விசாரணையில் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதற்கொலையும் அவன் செய்ததா என்று அறிய, லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸைப் பொலிஸார் நாடினர். மரபணுவால் ஆளை அடையாளம் காணும் முறையை அவர் 1984இல் கண்டுபிடித்திருந்தார். இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்த இளைஞன் அல்ல என்று முடிவு வந்தது. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தர அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. அதை அறிந்த நமக்கு இந்த முடிவின் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை.

1987இல் அக்கிராமங்களின் ஆண்கள் ஏறக்குறைய 5,000 பேரிடம் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஒருவரும் பொருந்தவில்லை. உண்மைக் குற்றவாளி தன் பெயரில் வேறொருவரை அனுப்பியிருந்தான். அது ஒரு மதுச்சாலைப் பேச்சில் வெளிவந்து அவன் பிடிபட்டான். 1988இல் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கணக்கு எழுதுவது எனது தொழில். வியாபாரக் கண்ணால் பார்த்தால் அந்த 5,000 பேரின் சோதனை வெறும் நட்டம். ஆனால் நீதிக்கு அது தேவையான செலவு. பின்னர் நடந்த கதை முழுவதும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான இழுபறிதான்.

இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸாருக்குச் சோதனை செய்து கொடுத்த அரசாங்கத் தடயவியல் சேவை, 1991இல் தனி முகவரகமாகிப் பொலிஸாரிடம் கட்டணம் அறவிடத் தொடங்கியது. 1995இல் உலகின் முதலாவது தேசிய மரபணுத் தரவுத்தளம் இங்கே உருவானது. 2000 முதல் 2005 வரை அதை விரிவாக்க அரசாங்கம் 240 மில்லியன் பவுண்ஸுக்கு மேல் கொடுத்தது. 2005இல் அந்தச் சேவை அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாற்றப்பட்டு, தனியாருடன் போட்டியிட விடப்பட்டது.

போட்டியால் முடிவுகள் விரைவாக வந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பொலிஸார் வெளியே கொடுக்கும் வேலை குறைந்தது, விலையும் விழுந்தது. மாதம் சுமார் 2 மில்லியன் பவுண்ஸ் நட்டம் என்று கூறி, 2010 டிசம்பரில் அரசாங்கம் மூடுவிழாவை அறிவித்தது. 2012 மார்ச்சில் கதவு மூடப்பட்டது. நீதித்துறைக்கும் ஆராய்ச்சிக்கும் வரக்கூடிய பாதிப்பைப் போதிய அளவு ஆராயவில்லை என்று நாடாளுமன்றக் குழுவொன்று 2011இலேயே கண்டித்திருந்தது.

2018இல் அந்த வேலையைச் செய்த தனியார் நிறுவனமொன்று முறிந்தபோது, கையிலிருந்த வழக்குகளைக் காப்பாற்றப் பொலிஸ் தரப்பே அவசரமாகப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்ததாக எழுதிய செலவு வேறொரு பக்கத்தில் வந்து நின்றது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இந்த ஆய்வுகூடங்கள் இன்றும் பொதுத்துறையிலேயே இயங்குகின்றன.

2019இல் பிரபுக்கள் சபைக் குழுவின் அறிக்கை இன்னொன்றையும் சுட்டியது: எதிரித் தரப்பு தனது நிபுணரை அமர்த்துவதற்கான சட்ட உதவிப் பணம் போதவில்லை. நேயர்களே, நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சோதனைக்குப் பணம் ஒதுக்கும்போது பிடிப்பதற்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. பிழையாகப் பிடிபட்டவர் அதே சோதனையைக் கேட்டால் அதற்கு யார் பணம் கொடுப்பது என்றும் கேட்கவேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது இந்தக் கேள்வியையும் கேட்டு வையுங்கள்.