பஸ் செல்

லேப் ரிப்போர்ட்டில் “பஸ் செல்ஸ் 10–12” என்று ஒரு வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மிஷின் முன்னால் நாளெல்லாம் உட்காரும் ஒரு பெண் அதைப் படித்ததும் “சீழா, எனக்கா?” என்று கூசிப்போகிறாள். வெள்ளைப்படுவதை உடம்புச் சூடு என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தவள். அந்த வரி எண்ணிச் சொல்லும் அணு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அவளுடைய இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்தே அது வந்திருக்கலாம். வெள்ளணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோபில் இனம். பத்தாயிரம் கோடி அளவில் தினமும் பிறக்கின்றன. ரத்தத்தில் இறங்கிய பிறகு ஆயுள் மணிக்கணக்குதான், நீண்டால் சில நாள்.

யோனியை எப்போதும் காப்பவை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள். தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலம்தான் அவற்றின் காவல். அதைத் தாண்டி, உடலுறவில் தொற்றும் கொனோகாக்கஸ் கிருமி கருப்பை வாயில் ஒட்டிக்கொண்டால், அங்குள்ள மேல்தோல் அணுக்கள் இன்டர்லூக்கின்-8 என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகின்றன. ரத்தக்குழாயில் விரைந்துகொண்டிருந்த நியூட்ரோபில் சுவரைப் பற்றி உருள்கிறது, நிற்கிறது, இரண்டு அணுக்களுக்கு இடையே உடம்பை நுழைக்கிறது. அதன் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல் கோத்த மணிகள்போல மூன்று நான்கு துண்டாக இருப்பது இங்கே கைகொடுக்கிறது. குறுகிய இடுக்கிலும் வளைந்து போகும். சளிப்படலத்துக்கு வந்து சேர்ந்ததும் கிருமியை விழுங்கி, உள்ளேயே ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதும் இதே அமிலத்தால்தான். அதைத் தயாரிக்கும் நொதி பச்சை நிறம். சீழில் தெரியும் பச்சைச் சாயல் அழுக்கல்ல, அந்த நொதி. சாகும்போதுகூடத் தன் டிஎன்ஏவை வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கிறது என்று 2004-இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் காட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

எல்லாக் கிருமியும் செத்துவிடுவதில்லை. விழுங்கப்பட்ட கொனோகாக்கஸில் சில உள்ளேயே பிழைத்துக்கொள்ளும். வீக்கம் கண்ட இடத்துக்கு, எச்.ஐ.வி. குறிவைக்கும் சிடி4 அணுக்களும் வந்து கூடுவதால் அந்த வைரஸ் தொற்றவும் வழி எளிதாகிறது.

பஸ் செல் இல்லாவிட்டால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. லாக்டோபேசில்லஸ் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகும் வஜினோசிஸில் மீன் வாடை அடிக்கும், ஆனால் நியூட்ரோபில்கள் பெரும்பாலும் வருவதே இல்லை.

நம் அணுவின் கடைசி இடம் ஒரு கண்ணாடி ஸ்லைடு. கிராம் சாயம் ஏற்றி டெக்னீஷியன் குனிந்து பார்க்கிறார். பல மடல் உட்கருவுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பில் ஜோடி ஜோடியாகப் பொட்டுகள். 1879-இல் நைசர் என்ற மருத்துவர் சீழில் கண்டு சொன்ன அதே கொனோகாக்கஸ் ஜோடிகள். எண்ணி எழுதுகிறார்.

அரசு மருத்துவமனையின் பால்வினைநோய்ப் பிரிவில் அவளுக்குச் சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று தருகிறார்கள், அசித்ரோமைசினும் செஃபிக்சைமும். கணவனுக்கும் இதே மருந்து வேண்டும் என்கிறார் டாக்டர். இரண்டாவது பொட்டலத்தையும் அவள் கைப்பையில் வைத்துக்கொள்கிறாள். வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது என்று ஷேர் ஆட்டோ ஆவடி வரும்வரை யோசித்துக்கொண்டே போகிறாள்.