746 வாக்கு

1989 வரை நம் ஜவ்வாது மலையும் காட்பாடியும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். ஆபீஸ் வேலை எதுவானாலும் வேலூருக்குத்தான் ஓட வேண்டும். அதனால் துரைமுருகன் அவர்களின் தேர்தல் கணக்கு நமக்கும் பாதி உள்ளூர்ச் செய்தி.

வாரியார் சுவாமிகள் பிறந்த காங்கேயநல்லூர்தான் அவருக்கும் ஊர். 1971-ல் காட்பாடியில் முதல் வெற்றி. அந்த வருடம் தி.மு.க. 184 இடம் பிடித்தது, அதில் அதிசயமில்லை. எம்.ஜி.ஆர். அலை அடித்த 1977-லும் 1980-லும் ராணிப்பேட்டையில் ஜெயித்தாரே, அதுதான் பெரிய விஷயம்.

2021 வரை அவர் தோற்றது இரண்டே முறை, இரண்டும் காட்பாடியில். 1984-ல் இந்திரா காந்தி கொலை, எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில். 1991-ல் ராஜீவ் காந்தி கொலை. கட்சிக்கே இரண்டு இடம்தான். இரண்டும் அனுதாப அலை வருடங்கள். மற்றபடி 1989, 1996, 2001, 2006 என்று வரிசையாக வெற்றி. 2011-ல் கட்சி 23 இடத்துக்குச் சுருங்கியபோதும் 2,973 வாக்கில் தப்பினார். 2016-ல் வித்தியாசம் சுமார் 24 ஆயிரம்.

வேடிக்கை 2021-ல் நடந்தது. கட்சி ஆட்சியைப் பிடிக்கிறது, இவரோ பொதுச்செயலாளர். ஆனால் அ.தி.மு.க.வின் ராமு பல சுற்றுகளில் முந்திக்கொண்டே இருந்தார். முடிவில் 85,140-க்கு 84,394. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், மனக்கணக்கு இன்றும் அந்த மொழியில்தான் ஓடும். இரண்டு தரம் கழித்துப் பார்த்தேன்: 746.

இவ்வளவு நெருக்கத்தில் தபால் ஓட்டின் அருமை தெரியும். தேர்தல் டியூட்டிக்குப் போன என் போன்ற குமாஸ்தாக்களின் ஓட்டு அது. ஓட்டுச் சீட்டோடு ஓர் உறுதிமொழிப் படிவம் வைக்க வேண்டும். அதில் நம் கையெழுத்தும் அதிகாரியின் சான்றொப்பமும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஓட்டு செல்லாது. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்கும் நாங்களே அதில் தவறுவோம். ஒரு தேர்தலில் என் பக்கத்து மேஜைக்காரர் சான்றொப்பம் வாங்க மறந்துவிட்டு, மறுநாள்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். தள்ளுபடியான தபால் ஓட்டுகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால், அவற்றை மறுபடி சரிபார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்று விதியும் இருக்கிறது.

எண்ணிக்கை நடந்தது மே 2. மே 7-ல் அவர் நீர்வளத்துறை அமைச்சராகப் பதவியேற்றார். முதல்வருக்கு அடுத்த பெயர் அவருடையது.