வெள்ளியைத் துலக்குமுன் ஒரு சின்ன வரலாறு

தைப்பூசம் நெருங்குது. வீட்டுல பூசைச் சாமான்களை எல்லாம் இறக்கி வச்சிருப்பீங்க. கோயில்லயும் நாங்க துலக்க உட்கார்ந்தாச்சு. புளியைக் கையில் எடுக்குறதுக்கு முன்னால இதைக் கொஞ்சம் படிங்க.

பினாங்கு வெள்ளி ரதம் நமக்கெல்லாம் தெரியும். நகரத்தார்கள் தமிழகத்தில் செய்வித்து, 1894-ல் கப்பலில் கொண்டுவந்தது. இன்றும் செட்டிப்பூசத்தன்று பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அது மின்னுதுன்னா, வருஷா வருஷம் யாரோ பொறுமையாத் துடைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

அந்தக் காலத்துல இங்கே வெள்ளிதான் பணம். மெக்சிகோ வெள்ளி நாணயம் கடைத்தெருவெல்லாம் புழங்கியது. 1903-ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி வெள்ளி டாலர் வந்தது. 1906-ல் அதன் மதிப்பைத் தங்கத்தோடு கட்டினார்கள். ஆனாலும் பேர் மாறலை. இன்னிக்கும் நாம "பத்து வெள்ளி கொடுங்க"ன்னுதானே கேட்கிறோம்! ஆகவே அன்று ஒருத்தர் கோயிலுக்கு வெள்ளிச் செம்பு கொடுத்தார்னா, தன் உழைப்பின் கூலியையே கொடுத்தார்னுதான் அர்த்தம். அதான் அடியில் "உபயம்"னு போட்டு, பேரும் வருஷமும் வெட்டி வச்சாங்க.

இங்கேதான் நாங்க தப்புப் பண்ணோம். சில வருஷத்துக்கு முன்னால, ஆர்வத்துல ஒரு பழைய செம்பைக் கம்பி நாரால தேய்ச்சோம். பளபளன்னு ஆச்சு. ஆனா உபயதாரர் பேர்ல பாதி எழுத்து போயிடுச்சு. வருஷம் மட்டும் மங்கலாத் தெரியுது. அந்தக் குடும்பம் யாருன்னு இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. இன்னும் மனசு உறுத்துது.

வெள்ளி கறுக்கிறது துரு இல்லை. காத்துல இருக்கும் கந்தக வாயு மேல்பரப்பு வெள்ளியோடு சேர்ந்து கருப்புப் படலமாகுது. நம்ம ஊர் ஈரக்காத்து அதை வேகப்படுத்தும். முட்டை, கம்பளி, ரப்பர் எல்லாத்துலயும் கந்தகம் உண்டு. அதனால வெள்ளிச் சாமானை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீங்க. தேய்க்கும்போது அந்தப் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போகுது.

நம்ம பாட்டிமார் விபூதியைத் தொட்டு, மெல்லிய பருத்தித் துணியால துடைச்சாங்க. சாம்பல் நயமான பொடி, கம்பி நார் மாதிரி கீறாது. ஆனா எழுத்து வெட்டிய இடத்தை அதாலயும் அழுத்தித் தேய்க்காதீங்க. புளி பித்தளைக்கும் செம்புக்கும்தான். பற்பசை வேண்டவே வேண்டாம், கீறல் விழும்.

தேய்க்காம சுத்தம் பண்ணவும் வழி உண்டு. பாத்திரத்துக்குள்ள அலுமினியத் தாள் விரிச்சு, சுடுதண்ணியும் சோடா மாவும் போட்டு, வெள்ளி அந்தத் தாளைத் தொடுற மாதிரி சில நிமிஷம் வைங்க. கந்தகம் அலுமினியத்துக்கு மாறிடும், வெள்ளி தங்கிடும். கழுவி, ஈரம் இல்லாமத் துடைச்சு எடுத்து வைங்க. கல் பதிச்சது, உள்ளே அரக்கு நிரப்பியது, மரத்தின் மேல் தகடு போர்த்திய கவசம் இதுக்கெல்லாம் இந்த முறை ஆகாது. அவற்றைத் துணியால மட்டும் துடைங்க.

எதுக்கும் முதல்ல பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க. அடியில் பேர் இருந்தா ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கொடுத்தவங்க பேர் நம்ம கையால அழியக் கூடாது.

முருகா சரணம்.