சிறு விமான எஞ்சினின் சரித்திரம்

வைட்ஃபீல்டில் குடியேறிய நமக்கு வானில் விமான ஒலி கேட்பது புதிதன்று. 1882-ஆம் ஆண்டில், மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் யூரேஷியர், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கியதால் தோன்றிய ஊர் இது. இதற்கு மேற்கே, 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் விமானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அங்கே கட்டப்பட்ட எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951-இல் முதன்முதலாகப் பறந்தது. இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். இன்று யான் கூற விழைவதோ, உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஞ்சினின் கதை.

அண்மையில் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன், மாதிரி விமானத்தின் பழைய எஞ்சின் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தான். சென்னையில் அவன் மாமா அதனைச் செம்மையாக ஓட்டியவர். இங்கோ அது புகை கக்கித் திணறியது. “எஞ்சின் கெட்டுவிட்டதா, மாமா?” என்று கலங்கினான். அவனுக்கு விடை கூற, எஞ்சினின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

1817-இல் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி ஒரு விந்தையைக் கண்டார். சூடேற்றிய பிளாட்டினம் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தால், சுடர் இன்றியே அது செந்தணலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. இவ்வுண்மை பெரும்பயன் அளிக்க 130 ஆண்டுகள் காத்திருந்தது. 1930-களின் சிறு எஞ்சின்கள் மின்பொறியால் இயங்கின; எனவே பேட்டரி, காயில், கண்டென்சர் ஆகிய சுமைகளையும் விமானம் தூக்கிச் செல்ல நேர்ந்தது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் அச்சுமையை ஒழித்தது. தொடக்கத்தில் மட்டும் ஒன்றரை வோல்ட் மின்சாரம் தந்தால் போதும். பிறகு மெதனால் ஆவியும் அழுத்தத்தால் எழும் வெப்பமுமே பிளாட்டினக் கம்பியைத் தணலாகக் காக்கும்.

இதன் எரிபொருளில் நம் நாட்டுப் பொருள் ஒன்றும் உண்டு. மெதனால் எண்பது பங்கு, விளக்கெண்ணெய் இருபது பங்கு என்பது நெடுநாளைய கலவை. முதல் உலகப்போரின் சுழல் எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெயே உயவு தந்தது. இன்றும் உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான்.

அமெரிக்காவில் காக்ஸ், ஜப்பானில் ஓ.எஸ்., என்யா, இத்தாலியில் சூப்பர் டைகர் என எஞ்சின்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் அமைந்தது. காக்ஸின் சிற்றெஞ்சினில் தலைப்பகுதியே குளோ பிளக். எரிபொருளில் நைட்ரோமீத்தேன் கூடுதலாக வேண்டும். என்யாவின் பழைய எஞ்சின்கள் பலவற்றில் வார்ப்பிரும்புப் பிஸ்டன். முதன்முதல் ஓட்டுகையில் எரிபொருளை மிகுதியாக்கி, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். குரோமியம் பூசிய பித்தளை உருளை கொண்டவையோ நன்கு சூடேறினாலன்றி அளவாகப் பொருந்தா. ஒரே நிறுவனத்திலும் வேற்றுமை உண்டு. ஓ.எஸ். எல்.ஏ. வரிசையில் மெதுவேகத் திருகை உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை செறிவாகும், எஃப்.எக்ஸ். வரிசையில் உள்ளே திருப்பினால் எரிபொருள் குறையும். ஒன்றில் கற்ற பாடத்தை மற்றொன்றில் அப்படியே செலுத்தியவர் ஏமாந்தே போவார்.

எனினும், முழுவேக ஊசியைச் சரிசெய்வதில் எல்லாவற்றுக்கும் பொதுவான நீதிபதி நம் செவியே. எரிபொருள் மிகுந்தால் ஒலி கரகரக்கும். ஊசியை மெல்ல உள்ளே திருப்பினால், ஒலி உயர்ந்து சீராகும். அவ்வுச்சியில் நிறுத்தாமல், சற்றே வெளியே திருப்பிவிட வேண்டும். பின்னர் எரிபொருள் குழாயைக் கணநேரம் கிள்ளிப் பார்க்கலாம். வேகம் சிறிது ஏறினால் சரி. உடனே தாழ்ந்தால், எரிபொருள் போதாது, எஞ்சின் வெந்துவிடும். இவையனைத்தையும் விசிறிக்குப் பின்னால் நின்றே செய்தல் வேண்டும். மெதனால் நஞ்சு என்பதையும், பட்டப்பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறத்தலாகாது.

இனி, சிறுவனின் வினாவுக்கு விடை. சென்னை கடலோரம், வைட்ஃபீல்டோ ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தும் ஊசி பழைய இடத்திலேயே இருந்ததால், எரிபொருள் மிகையாயிற்று, எஞ்சின் திணறிற்று. கெட்டது ஒன்றுமில்லை. ஊசியைச் சிறிதே உள்ளே திருப்பச் சொன்னேன். கரகரப்பு நீங்கி, ஒலி தெளிந்தது. சிறுவன் முகமும் தெளிந்தது.

இன்று மாதிரி விமானங்களில் மின்மோட்டாரே பெருகிவிட்டது. அதற்கு ஊசியும் இல்லை, விளக்கெண்ணெய் மணமும் இல்லை. எஞ்சினின் ஒலியைக் கேட்டுக் குறையை உணரும் கலை, அதனைக் கற்பிப்பார் இன்றி மறையக்கூடும். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இத்தகைய எஞ்சின் ஒன்றை வைத்திருக்கும் அன்பர்கள், தம் இல்லத்துப் பிள்ளைகளை அருகழைத்து, ஒருமுறையேனும் அதனை ஓட்டிக் காட்டுவார்களாக. செவியால் கற்கும் பாடத்தை ஏட்டில் மட்டும் எழுதி வைத்தல் இயலாது.